ஐந்தரைக்கு முன் ஊற்றிய பால்: தனியாகத் தொழில் செய்யும் புரோகிராமர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு தனியார் பால் சேகரிப்பு நிலையம். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அங்கே பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. அன்றைக்கு ஓர் ஆயா தன் பால் அட்டையை நீட்டி, "தம்பி, ஒண்ணாந்தேதி காலைல ஊத்துன அஞ்சு லிட்டரக் காணோமே, கொஞ்சம் பாருப்பா" என்றார். அட்டையில் பேனாவால் எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் சீட்டில் இல்லை. தேடிப் பார்த்தேன். அந்த ஐந்து லிட்டர் முந்தைய மாதக் கடைசி நாளில் பதிவாகியிருந்தது. அந்தக் கணக்கை அந்தக் கடைசி நாள் மாலையே மூடியாகிவிட்டது. அதனால் அந்தப் பாலுக்குப் பணம் எந்தப் பட்டுவாடாவிலும் வராது.

காரணம் இதுதான். சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. இங்கே காலை 5 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 11.30. அதாவது காலை ஐந்தரைக்கு முன் ஊற்றிய பால் எல்லாம் முந்தைய நாள் தேதியில் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தரைக்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருட்டோடு கறந்து, ஊற்றிவிட்டு, முதல் பஸ் பிடித்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் ஒவ்வொரு பட்டுவாடாவிலும் ஒரு வேளைப் பாலை இழந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அட்டையைக் கணினிச் சீட்டோடு ஒத்துப் பார்க்க நேரமில்லாதவர்கள். அந்த மாதத்து மூன்று பட்டுவாடாக்களையும் உட்கார்ந்து எடுத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டு, அந்தத் தொகையை என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்தத் தவறு எப்படி என் கண்ணில் படாமல் போனது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். நான் சோதித்தது என் வீட்டில், பகல் பதினொரு மணிக்கும் இரவு பத்து மணிக்கும். அந்த நேரங்களில் எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்காக நான் எழுதும் நிரல்களை அப்படித்தான் சோதிப்பேன். அதே பழக்கத்தோடு, மற்றவர்களின் பணம் புழங்கும் நிரலையும் கொடுத்துவிட்டேன்.

தனியாகத் தொழில் செய்யும் புரோகிராமருக்கு ஒரே நாளில் மூன்று உலகம். காலையில் மாங்காய் மண்டிக் கணக்கு, மதியம் ஓசூரில் ஒரு பட்டறைக்கு இணையதளம், இரவு தன் ஆசைக்காக ஏதோ ஒன்று. எல்லாம் ஒரே மடிக்கணினியில், ஒரே நாற்காலியில் நடப்பதால் ஒன்றின் பழக்கம் இன்னொன்றுக்குள் தானாகப் புகுந்துவிடுகிறது. நான் செய்ததும் மற்றவர்கள் செய்ய நான் பார்த்ததுமான தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

தேதி, எண், பணம்

முதலில் தேதி. சர்வரில் நேரத்தை யூடிசியில் சேமிப்பது தவறில்லை, அதுதான் நல்ல வழக்கம். ஆனால் 'இது எந்த நாளின் பால்' என்ற கேள்விக்கு அந்த நேரத்திலிருந்து பதில் எடுக்கக் கூடாது. கணக்கு நாள் என்று பதிவில் தனியாக ஒரு புலம் (ஒரு கட்டம்), காலையா மாலையா என்று இன்னொரு புலம் வைத்துவிட வேண்டும். இப்போது நான் எழுதும் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் உண்டு. மாலைப் பதிவு கரண்ட் போனதால் இரவு 12.10க்கு ஏறினாலும், அது நேற்றைய மாலைப் பால்தான். பால் ஊற்றுகிறவரும் நிலையத்துக்காரரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நிரலும் அப்படியே நினைக்க வேண்டும்.

அடுத்தது தசமம். பாலுக்கு விலை கொழுப்பையும் இதர சத்தையும் வைத்து. கொழுப்பு 0.1 ஏற ஏற விலை மாறும், அதற்கு ஒரு அட்டவணை உண்டு. அந்த அட்டவணையை நிரலில் உருவாக்க, 3.0இல் தொடங்கி 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. செய்து பாருங்கள்: 3.1 வரும், 3.2 வரும், மூன்றாவது படியில் 3.3 வராது. 3.3000000000000003 வரும். கணினி தசமத்தை இரும எண்ணாகத் தோராயமாகத்தான் வைத்துக்கொள்கிறது. கருவியிலிருந்து வரும் 3.3ஐ அட்டவணையில் தேடினால் 'இல்லை' என்று பதில் வரும், அல்லது பக்கத்துக் கட்டத்தின் விலை ஒட்டிக்கொள்ளும். தீர்வு எளியது: கொழுப்பை 33 என்று முழு எண்ணாக வையுங்கள், பணத்தைப் பைசாவாக வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வையுங்கள்.

விலை அட்டவணை மாறும்போது நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. அட்டவணையை மட்டும் சேமித்துவிட்டு, சீட்டு அச்சடிக்கும்போதெல்லாம் அதிலிருந்து தொகையைக் கணக்கிட்டால், விலை ஏறிய மறுநாள் போன மாதச் சீட்டும் மாறிப்போகும். பதிவு செய்த நொடியில் இருந்த விலையை அந்தப் பதிவோடேயே எழுதி வைக்க வேண்டும். காகிதத்தில் கணக்கு எழுதிய நம் பெரியவர்கள் இதை இயல்பாகவே செய்தார்கள். எழுதின தொகை எழுதினதுதான்.

வங்கிக் கணக்கு எண் பற்றியும் ஒரு வார்த்தை. பணத்தை வங்கிக்கு அனுப்பப் பட்டியல் தயாரிக்கும்போது அதை எக்செல்லில் சும்மா திறந்து சேமித்தால் போதும், சேதம் நடந்துவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் உள்ள பூஜ்யங்கள் மறைந்துவிடும். கணக்கு எண், போன் எண், ஆதார் எண் எதுவும் கணக்குப் போடுவதற்கான எண் அல்ல. எல்லாவற்றையும் எழுத்தாகவே சேமியுங்கள்.

தமிழ் எழுத்தில் சறுக்கும் இடங்கள்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதை நான் காசு வேலையில் கற்கவில்லை. தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் ஒரு சின்ன நிரலைப் பொழுதுபோக்காக எழுதிக்கொண்டிருந்தேன். அதில் கற்றதெல்லாம் பின்னால் காசு வேலையில் கைகொடுத்தது.

உறுப்பினர் பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி யூனிகோடு எண் வரிசையில், அதாவது ஒவ்வொரு குறிக்கும் கொடுத்திருக்கும் எண்ணின் வரிசையில், அடுக்கும். அது நம் அகரவரிசை அல்ல. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து வருகிறது. ற, ர-வுக்கு அடுத்து வருகிறது. புள்ளியோ உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் போய் நிற்கிறது. அகராதியில் கண்ணன், கணபதி, கணேசன் என்று வர வேண்டிய பெயர்கள் கணபதி, கணேசன், கண்ணன் என்று வரும். கமலாவுக்குப் பின்னால் வர வேண்டிய கனகம் முன்னால் வந்துவிடும். நூறு பேர் உள்ள பட்டியலில் பெயரைத் தேடும் பெரியவர் அகராதி வரிசையை நம்பித்தான் விரலை நகர்த்துகிறார். அந்த இடத்தில் இல்லை என்றால், தன் பெயரே பட்டியலில் இல்லை என்று நினைத்துவிடுகிறார். ஐசியூ என்ற நிரல் நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது. பைத்தான் நிரல் மொழியில் எழுதுபவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் உண்டு, அதில் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரவும் வசதி இருக்கிறது.

எழுத்து எண்ணிக்கையும் அப்படித்தான். 'கிருஷ்ணகிரி' நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 11 குறிகள். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 33 பைட். பெயர் புலத்துக்கு இருபது பைட் போதும் என்று வைத்துவிட்டால் ஊர்ப் பெயரே பாதியில் அறுந்துபோகும்.

இன்னும் நுட்பமான ஒன்று. 'போச்சம்பள்ளி' என்பதில் உள்ள போ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒருவர் போனிலிருந்தும் இன்னொருவர் பழைய விசைப்பலகை மென்பொருளிலிருந்தும் ஊர்ப் பெயரை உள்ளிட, என் பட்டியலில் போச்சம்பள்ளி இரண்டு முறை வந்து நின்றது. பாதி விவசாயிகள் ஒரு போச்சம்பள்ளியில், மீதிப் பேர் இன்னொன்றில். உள்ளே வரும் எந்தத் தமிழ்ச் சொல்லையும் சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஏறக்குறைய எல்லா நிரல் மொழிகளிலும் அதற்கு ஒரு வரி போதும்.

ஆனால் அந்த ஒரு வரியும் தீர்க்காதது ஒன்று உண்டு. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரின் பெயரைப் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறார்கள். ஔ என்ற ஒற்றை எழுத்துக்கும் அதற்கும் யூனிகோடில் உறவே கிடையாது. தகடூர் மண்ணில் ஔவையின் பெயரில் பள்ளியோ சுயஉதவிக் குழுவோ இருந்தால், தேடலில் இரண்டையும் பிடிக்க நாமே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும்.

அப்புறம் குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறிகள்தான், எழுத்துகள் அல்ல, குறிகள். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 ஆக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. 'தினமும் உங்கள் பாலின் அளவு தமிழில் போனுக்கு வரும்' என்று கொட்டேஷனில் எழுதிவிட்டு, பிறகு செலவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவதைக் கண்டு கையைப் பிசையாதீர்கள். முதலில் செய்தியை எழுதிக் குறிகளை எண்ணுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுப்புபவரின் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை வாடிக்கையாளரின் பெயரில் செய்யுங்கள். உங்கள் பெயரில் செய்தால், நாளை அவர்கள் வேறு ஆளிடம் போனாலும் அந்தச் செய்திகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

பெயர் புலம் பற்றி ஒரு வரி: 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று எந்தப் படிவத்திலும் வைக்காதீர்கள். நமக்கு இருப்பது இனிஷியல்.

மாங்காய் வரும் நேரத்தில் மென்பொருள் கொடுப்பது

கிருஷ்ணகிரியில் மாங்காய்ப் பருவம் ஏப்ரலில் சூடுபிடித்து ஜூலை வரை ஓடும். பெங்களூரா ரகம் லாரி லாரியாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் நாட்களில் மண்டியில் மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு மண்டிக்கு நான் முதல் வருடம் மே மாத நடுவில் மென்பொருள் கொண்டு போய்க் கொடுத்தேன். எடை, கழிவு, சுமை கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் ஒரே திரையில் வரும்படி அழகாகவே செய்திருந்தேன். கணக்குப்பிள்ளை இரண்டு வண்டிக்குப் பொறுமையாகத் தட்டினார். மூன்றாவது வண்டி உள்ளே வந்ததும் மடிக்கணினியை ஓரமாக நகர்த்திவிட்டு நீள நோட்டை எடுத்துக்கொண்டார். அந்தப் பருவம் முழுக்க அது ஓரத்திலேயே கிடந்தது.

அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நோட்டில் ஒரு வண்டிக்கு அவர் ஐந்து எண்கள் எழுதினார். என் திரையில் பதினோரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. நான் அவர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல், முதலாளி சொன்னதை மட்டும் கேட்டு எழுதியிருந்தேன். அடுத்த ஜனவரியில் போய், போன வருட நோட்டையே வாங்கி, அதிலிருந்து ஐம்பது வண்டிகளை அவரையே தட்டச் சொன்னேன். எந்த இடத்தில் கை நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன். கட்டங்கள் ஆறாகக் குறைந்தன. முதல் இரண்டு வாரம் நோட்டும் ஓடட்டும், திரையும் ஓடட்டும் என்று பேசிக்கொண்டோம். இரண்டு மொத்தமும் ஒத்துப்போன பிறகுதான் அவராகவே நோட்டை மூடினார்.

புது நிரல் மொழி, புது ஃப்ரேம்வொர்க் கற்கும் ஆசையை இப்படிப்பட்ட வேலையில் தீர்த்துக்கொள்வதும் தவறு. அந்த ஆசை நல்லது, அதற்குத்தான் இரவில் சொந்த வேலை இருக்கிறது. வாடிக்கையாளரிடம் காசு வாங்கிய வேலையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருளுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மண்டிக்கு எஸ்க்யூலைட்டும் ஒரு எளிய திரையும் போதும். 2000ஆம் ஆண்டில் வந்த அந்த டேட்டாபேஸ் ஒரே கோப்பில் அடங்கும், இணையம் போனாலும் ஓடும். நான் ஊரில் இல்லாத நாளில் இன்னொருவர் திறந்து பார்த்தாலும் புரியும்.

ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு, அதில் விழுந்தவர்களை நான் அறிவேன். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு கோப்பை மட்டும் பென் டிரைவில் நகல் எடுப்பது. வால் (WAL) என்ற முறையில் ஓடும் எஸ்க்யூலைட், கடைசியாக எழுதிய பதிவுகளைப் பக்கத்திலுள்ள இன்னொரு கோப்பில் வைத்திருக்கும். முதல் கோப்பை மட்டும் எடுத்தால் அன்றைய வண்டிகள் நகலில் இருக்காது. எஸ்க்யூலைட்டே பேக்கப் கட்டளை ஒன்று வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எடுத்த பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறு கணினியில் திறந்து, கடைசி வண்டியின் எண்ணைப் படித்துப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் வைப்பதில்லை.

பேசியதை எழுதி வைக்காதது

நம் பக்கம் வேலை பெரும்பாலும் பேச்சில்தான் முடிவாகிறது. தெரிந்தவர் வழியாக வருவார், டீ குடித்துக்கொண்டே தொகை பேசுவோம், "எல்லாம் பாத்துச் செஞ்சு குடுங்க தம்பி" என்பார், சரி என்போம். அந்த 'எல்லாம்' என்ற சொல்லில்தான் சிக்கல். மூன்று மாதம் கழித்து அதற்குள் பார்கோடும் இருக்கும், போன் செயலியும் இருக்கும். பத்துப் பக்க ஒப்பந்தம் தேவையில்லை. என்னென்ன திரை, யார் தட்டுவார்கள், என்னென்ன இதில் கிடையாது, எப்போது எவ்வளவு பணம், கொடுத்த பிறகு எத்தனை நாள் இலவசமாகப் பார்ப்பேன் என்று அரைப் பக்கம் தமிழில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிவிடுங்கள். 'இதில் கிடையாது' என்ற பகுதிதான் மிக முக்கியம்.

உரிமை யாருக்கு என்பதற்கு மட்டும் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பலருக்கும் இது தெரியவில்லை என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் பணியில் எழுதினால் உரிமை முதலாளிக்கு. தனியாகத் தொழில் செய்பவர் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை எழுதியவருக்கே. அதை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அந்த எழுத்தில் எத்தனை காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'காசு கொடுத்தேன், எல்லாம் எனக்கே' என்று நினைக்கும் வாடிக்கையாளருக்கும் இது இழப்பு. முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பொதுவான நிரல் துண்டுகளை அடுத்த வேலையில் பயன்படுத்த முடியாமல் தவிக்கும் புரோகிராமருக்கும் இழப்பு. நான் எழுதிக் கொடுக்கும் தாளில் இரண்டு வரி உண்டு: இந்த வேலைக்கென்றே எழுதியது உங்களுக்கு, எனக்கு முன்பே சொந்தமான பொது நூலகம் எனக்கு, அதைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு நிரந்தரமாக.

டொமைன் பெயரை வாடிக்கையாளரின் மின்னஞ்சலில், அவர் பெயரிலேயே வாங்குங்கள். வசதிக்காக உங்கள் கணக்கில் வாங்கி வைத்தால், நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் வாரத்தில் அது காலாவதியாகும். அவர் கடைக்குப் பெயரே இல்லாமல் போகும்.

பெங்களூரு இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான், அங்கிருந்து வேலை வரும். அப்போது மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து ஒரு நாள் கூலி சொல்லாதீர்கள். பேச்சுவார்த்தை, கொட்டேஷன், பில் போடுவது, பாக்கி கேட்டு அலைவது, படிப்பது என்று மாதத்தில் பத்து நாளுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். பதினைந்தால் வகுப்பதே பாதுகாப்பு. நிறுவனங்கள் பில்லில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தரும். அது தொலைந்த பணம் அல்ல, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது உங்கள் வரிக் கணக்கில் சேரும். ஆனால் அந்த மாதச் செலவுக்குக் கையில் இருக்காது, அதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆசைக்காகச் செய்வதில் நடக்கும் தவறுகள்

காசு வேலையின் பொருள் ஆசை வேலைக்குள் கசிவது ஒரு தவறு. பால் நிலையத்துக்கு எழுதியதில் நல்ல பகுதி ஒன்றைப் பிரித்து எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட நினைத்தேன், நல்ல எண்ணம்தான். மாதிரித் தரவு என்று நான் வைத்திருந்த கோப்பில் இருந்தது நாற்பது விவசாயிகளின் உண்மைப் பெயரும் போன் எண்ணும். ஏற்றும் முன் கண்ணில் பட்டது. ஏற்றிவிட்டு மறுநாள் அழித்திருந்தால் பயனில்லை. அங்கே மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் பழைய நிலைகள் அனைத்தையும் வைத்திருக்கும், அழித்த கோப்பு வரலாற்றில் அப்படியே கிடக்கும். பாஸ்வேர்டு அப்படி வெளியே போய்விட்டால் அழிப்பதில் நேரம் போக்காமல் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சோதனைக்கு என்றால் முதல் நாளிலிருந்தே கற்பனைப் பெயர்களை வைத்து வேலை செய்யுங்கள். மற்றவர்களின் தனிப்பட்ட தரவைக் கையாள 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் அந்த நாற்பது பேர் நம்மை நம்பிக் கொடுத்த எண்கள் அவை.

உரிமம் எதுவும் எழுதாமல் நிரலை வெளியிடுவது இன்னொன்று. 'இலவசமாகத்தானே போட்டேன்' என்று நினைப்போம். உரிமம் இல்லாவிட்டால் சட்டப்படி அதை யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. எம்ஐடி, ஜிபிஎல் என்று பொருத்தமான ஒன்றைத் தேர்ந்து கோப்பாக வைத்துவிடுங்கள்.

இனி, கிணற்று மோட்டார். என் அப்பாவின் நிலத்தில் போனிலிருந்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்தேன். நிரல் ஓடும் ஒரு சின்ன ஈஎஸ்பி பலகை, சிம் போடும் ஒரு மாட்யூல், சுவிட்சாக வேலை செய்யும் ரிலே. வாங்கிய மாட்யூல் 2ஜி மட்டும் பேசும் வகை. கையில் இருந்தது ஜியோ சிம். ஜியோவில் 2ஜி கிடையாது என்பதை அறியாமல் இரண்டு நாள் நிரலில் குற்றம் தேடினேன். அது சிறிய விஷயம். பெரிய விஷயம் வேறு. கரண்ட் போய் மீண்டும் வந்தால் கருவி எந்த நிலையில் எழ வேண்டும்? முதலில் நான், 'முன்பு ஓடிக்கொண்டிருந்தால் மீண்டும் ஓட்டு' என்று எழுதியிருந்தேன். புத்திசாலித்தனமாகத் தோன்றியது. விவசாய மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் கருகும். யாராவது ஃபுட்வால்வைச் சரிசெய்ய உள்ளே இறங்கியிருந்தால், அதை நினைக்கவே கை நடுங்குகிறது. இப்போது கருவி எப்போது எழுந்தாலும் மோட்டார் நின்ற நிலையிலேயே எழும். ரிலே நேராக மோட்டாரைத் தொடாது, ஸ்டார்ட்டரின் காண்டாக்டரை மட்டும் தூண்டும். அந்த வயரிங்கை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் வந்து செய்தார். எல்லாவற்றுக்கும் மேல், பெட்டியில் கையால் திருப்பும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் போனிலிருந்து என்ன செய்தாலும் மோட்டார் ஓடாது.

பக்கத்து நிலத்துக்காரர், "நமக்கும் ஒண்ணு போட்டுக் குடு மாமா" என்று கேட்டபோது நான் தரவில்லை. நம் நிலத்தில் அது ஆசை வேலை. அவர் நிலத்தில் வைத்த மறுநாளே அது பொறுப்புள்ள பொருள், நள்ளிரவில் அவர் கூப்பிட்டால் நான் போக வேண்டும். கடையில் தரச்சான்றோடு விற்கும் ஸ்டார்ட்டரை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

என் இப்போதைய ஆசை வேலை நடுகல் வரைபடம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் சுற்றுவது வழக்கமாகிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் நிறைய. பார்த்ததைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, வரைபடத்தில் போடுகிறேன். முதல் நாள் ஏற்றியபோது வரைபடத்தில் ஒரு கல்லையும் காணவில்லை. தேடிப் பார்த்தால் எல்லாம் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு தீவுகள் இருக்கும் கடற்பகுதியில் கிடந்தன. கிருஷ்ணகிரி 12.5 பாகை வடக்கு, 78.2 பாகை கிழக்கு. நாம் அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு என்று சொல்லிப் பழகியவர்கள். வரைபடத்துக்கு இடங்களைத் தரும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கம்தான் முதலில் வர வேண்டும். திருப்பிப் போட்டதும் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தன.

சரிசெய்த பிறகுதான் பெரிய தவறு என்ன என்பது உறைத்தது. ஆறு தசம இடம் வரை துல்லியமாக, யாருடைய காவலும் இல்லாத ஒரு கல் எங்கே நிற்கிறது என்று உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பழஞ்சிலைகளுக்கு விலை வைக்கிறவர்களும் அதே வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். அன்றிரவே பொதுப் பக்கத்தை எடுத்துவிட்டேன். இப்போது வெளியே தெரிவது இரண்டு தசம இடம் மட்டும். அது சுமார் ஒரு கிலோமீட்டர் வட்டம், ஊரைக் காட்டும், கல்லைக் காட்டாது. துல்லியமான இடம் என் நோட்டில் இருக்கிறது. அதன் ஒரு நகலைத் தொல்லியல் துறையிடம் கொடுத்திருக்கிறேன். பார்க்க ஆசைப்பட்டு யாராவது எழுதினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லி நானே கூட்டிப் போகிறேன்.